உமிழ்நீர்ச் சுரப்பிக் கல்: அம்மாவுக்குக் கிடைத்த சிகிச்சை பற்றி ஒரு மதிப்பீடு

என் அம்மாவின் இடது தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்த இரண்டு கற்களைக் கடந்த ஆவணி மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுத்தார்கள். சுரப்பியை அகற்றவில்லை, கழுத்தில் கத்தி படவில்லை, வாய்க்குள்ளிருந்தே எடுத்துவிட்டார்கள். ஏழு மாதங்கள் கழிந்து, மறுபரிசோதனைகளும் முடிந்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால், எந்த ஊரில் இருப்பவரும் தமக்குக் கிடைக்கும் சிகிச்சையை எடைபோட்டுப் பார்க்க முடியும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

அம்மாவுக்கு வயது 61. தொந்தரவு சாப்பாட்டில்தான் தொடங்கியது. முதல் கவளம் வாய்க்குள் போனதும் இடது தாடைக்கு அடியில் சுருக்கென்று வலிக்கும். நாலைந்து கவளத்துக்குள் அந்த இடம் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்துவிடும். சாப்பிட்டு முடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாகவே வடிந்துவிடும். புளிக்குழம்பும் ஊறுகாயும் என்றால் வலி இன்னும் கூடும். சில வாரங்கள் ஒன்றுமே இல்லாமல் இருந்து, பிறகு மறுபடியும் வரும். அம்மா இதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனபோது, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் தனியாக உட்கார்ந்து, இடது உள்ளங்கையைத் தாடைக்கு முட்டுக் கொடுத்தபடி பால் சாதத்தை மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். புளிக்குழம்பு இல்லாமல் ஒரு நாளும் சாப்பிடாதவர் அவர்.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டு அலைந்தோம். முதலில் போன இடத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்லி ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, மாத்திரையால் வடிந்தது என்று நாங்களும் நம்பினோம். இப்படி மூன்று முறை நடந்தது. உறவுக்காரர் ஒருவர் பொன்னுக்கு வீங்கியாக இருக்கும் என்று வேப்பிலை கட்டச் சொன்னார். அடுத்துப் போன பல் மருத்துவமனையில் தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சொத்தையாக இருந்த கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தார்கள். பல்லுக்கு அது தேவைதான். ஆனால் சாப்பிடும்போது வரும் வீக்கம் அப்படியே இருந்தது. மூன்றாவதாகப் போன இடத்தில் கழுத்தை ஸ்கேன் செய்து, சுரப்பி சற்றுப் பெரிதாக இருக்கிறது, கல் எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அடிக்கடி வீங்குவதால் சுரப்பியையே எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். இத்தனை இடங்களிலும் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: வீக்கம் எப்போது வருகிறது? சாப்பாட்டு நேரத்தில் வந்து, பிறகு வடியும் வீக்கம் என்றால் உமிழ்நீர் போகும் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நெறி கட்டினால் அது சாப்பாட்டைப் பார்த்து வருவதில்லை.

மதுரை மருத்துவமனையில் முதல் நாள் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அந்தச் சலிப்பு உள்ளே போன ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. மருத்துவர் கையில் இருந்த ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, "அம்மா, கடைசியா எப்ப வீங்குச்சு? என்ன சாப்பிட்டீங்க?" என்று தொடங்கினார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, "நாக்கை மேல தூக்கி அண்ணத்துல ஒட்டிக்கோங்க" என்றார். நாக்கின் அடியில் நடுவில் இருக்கும் நரம்பு போன்ற மடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு மொட்டு இருக்கிறது. தாடைச் சுரப்பியின் குழாய் வாய்க்குள் திறக்கும் வாசல் அதுதான். வலப்பக்கச் சுரப்பியை வெளியிலிருந்து லேசாகத் தடவியதும் அந்த மொட்டிலிருந்து தெளிந்த நீர் ஒரு துளி ஊறி வந்தது. இடப்பக்கம் எதுவும் வரவில்லை. இந்த வேறுபாட்டை என்னையும் அருகில் அழைத்து, டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். அடுத்து ஒரு விரலை அம்மாவின் நாக்குக்கு அடியிலும், மற்றக் கையின் விரல்களைத் தாடைக்கு அடியில் வெளியிலும் வைத்து, பின்னாலிருந்து முன்னால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். முன்னாலிருந்து பின்னால் தடவினால் கல் சுரப்பியை நோக்கி நழுவிவிடும் என்பதால்தான் இந்த வரிசை என்று விளக்கினார். பாதி வழியில் அவர் விரல் நின்றது. "இங்க இருக்கு," என்றார். ஒன்றரை ஆண்டு தேடியதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த மருத்துவமனைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்த இரண்டு நிமிடத்துக்குத்தான்.

கல் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் அவர் பொறுமையாகச் சொன்னார். நமக்கு மூன்று ஜோடிப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு: காதுக்கு முன்னால் ஒன்று, தாடைக்கு அடியில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. உமிழ்நீர்க் கற்களில் ஏறத்தாழ 80 சதவீதமோ அதற்கு மேலோ தாடைச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. அதில் ஊறும் நீர் காதுக்கு முன்னாலுள்ள சுரப்பியின் நீரைவிடக் குழகுழப்பானது. சுண்ணாம்புச் சத்தும் காரத்தன்மையும் அதிகம். அதன் குழாய் சுமார் 5 சென்டிமீட்டர் நீளம்; நீர் அதில் கீழிருந்து மேலாக ஏறி வர வேண்டும்; வாசலோ குழாயைவிடக் குறுகியது. அந்தக் குழாயை 1656-ஆம் ஆண்டு விவரித்து எழுதியவர் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. காதுக்கு முன்னாலுள்ள சுரப்பியின் குழாயை 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்து ஆராயும்போது கண்டவர் நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க்கு மாணவர். வழி அப்போதே தெரிந்துவிட்டது. அந்த வழிக்குள்ளேயே போய்ப் பார்க்கும் கருவி வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கல்லின் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். எலும்பிலும் பல்லிலும் உள்ள அதே வகைப் பொருள்தான். அப்படியானால் பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டுமா, சிறுநீரகத்திலும் கல் இருக்குமா என்று நான் கேட்டேன். பெரும்பாலான நோயாளிகளுக்கு இரத்தத்தில் கால்சியம் சரியான அளவில்தான் இருக்கும் என்றும், பாலை நிறுத்துவதால் பயன் இல்லை என்றும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதையும் வாயை உலர வைக்கும் மாத்திரைகளையும்தான் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். அம்மா சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் மேசையில் பரப்பச் சொன்னார். தும்மலுக்காக அம்மா ஆண்டுக்கணக்கில் தினமும் போட்டுக்கொண்டிருந்த அலர்ஜி மாத்திரையை எடுத்து, உமிழ்நீரைக் குறைப்பவற்றில் இதுவும் ஒன்று என்றார். இரத்த அழுத்தத்துக்கான நீர் பிரியும் மாத்திரையை நாங்களாக நிறுத்தக் கூடாது, அதை எழுதிய மருத்துவரிடம் பேசிய பிறகே மாற்ற வேண்டும் என்று இரண்டு முறை எச்சரித்தார்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறையில் நடந்ததையும் எழுத வேண்டும். ஸ்கேன் எடுத்த மருத்துவர் அம்மாவிடம் ஓர் எலுமிச்சைத் துண்டைக் கொடுத்து, வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். புளிப்பு பட்டதும் உமிழ்நீர் ஊறி, அடைப்புக்குப் பின்னால் குழாய் விரிந்துகொள்ளும். அப்போது திரையில் கருமையான ஒரு பாதையும், அதன் முனையில் பளிச்சென்று ஒரு புள்ளியும், புள்ளிக்குப் பின்னால் நிழலும் தெரியும். அம்மாவுக்கு வலி வந்தது. கண்ணில் நீர் வந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் 7 மி.மீ. அளவுள்ள கல் திரையில் தெரிந்தது. முன்பு எடுத்த ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். 2, 3 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களும், வாயின் முன்பகுதியில் இருப்பவையும் ஸ்கேனில் தப்பிவிடுவது உண்டு, குழாய் விரியாத நேரத்தில் எடுத்தால் பெரிய கல்லும் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகலாம் என்றார். வேறு கற்கள் இருக்கின்றனவா என்று உறுதி செய்ய மறுநாள் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதில் சாய மருந்து செலுத்தவில்லை; சாயம் ஓடும் இரத்தக் குழாயே படத்தில் சிறு கல்லைப் போலத் தெரிந்து குழப்பக்கூடும் என்பதுதான் காரணம். வாசலுக்கு அருகில் 3 மி.மீ. அளவில் இரண்டாவது கல் இருப்பது அந்தப் படத்தில்தான் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது சிகிச்சை முறைகளை அவர்கள் முன்வைத்த விதம். உடனே தேதி குறிக்கவில்லை. சிறிய கற்கள் சில நேரம் தாமாகவே வெளியேறிவிடும் என்பதால் நிறையத் தண்ணீர், புளிப்பு மிட்டாய், வெந்நீர் ஒத்தடம், பின்னாலிருந்து முன்னால் நீவிவிடுதல் ஆகியவற்றை இரண்டு வாரம் செய்து பார்க்கச் சொன்னார்கள். காய்ச்சலோ, நாக்குக்கு அடியில் சீழோ, விழுங்கவும் மூச்சு விடவும் சிரமமோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று சீட்டில் சிவப்பு மையால் எழுதினார்கள். சீழ் பிடித்திருக்கும்போது ஆன்டிபயாட்டிக் தேவைதான்; கல் அப்படியே இருக்கும்போது வீக்கம் வரும்போதெல்லாம் அதைப் போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை என்ற விளக்கத்தை நான் முதன்முதலாகக் கேட்டது இங்கேதான்.

இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லாததால் எண்டோஸ்கோப்பி பற்றிப் பேசினோம். ஜெர்மனியின் எர்லாங்கனில் ஹைன்ரிக் ஐரோவின் குழுவினர் 1980-களின் இறுதியில் இந்தக் கற்களை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கத் தொடங்கினார்கள். 1990-களில் பாரிஸில் பிலிப் காட்ஸும் ஜெனீவாவில் பிரான்சிஸ் மார்ஷலும் மெல்லிய எண்டோஸ்கோப்பைக் குழாய்க்குள்ளேயே செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். அதற்கு முன்பு குழாயின் பின்பகுதியில் கல் இருந்தால் சுரப்பியை எடுப்பதுதான் வழக்கம். கழுத்தில் தாடைக்கு இரண்டு விரற்கடை கீழே கீறி அந்த அறுவையைச் செய்வார்கள். கீழுதட்டை அசைக்கும் நரம்பு, நாக்கின் உணர்வு நரம்பு, நாக்கை அசைக்கும் நரம்பு ஆகிய மூன்றும் அந்தப் பகுதியில்தான் ஓடுகின்றன. சுரப்பி முற்றிலும் கெட்டுப்போயிருந்தால் இன்றும் அந்த அறுவைதான் சரி. எங்களுக்கு அதை முன்பு பரிந்துரைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல் அடைத்திருந்த சுரப்பிகள் அடைப்பு நீங்கியதும் பெரும்பாலும் மறுபடியும் வேலை செய்யத் தொடங்குகின்றன என்பதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாம் எதுவும் மெல்லாமல் சும்மா இருக்கும் நேரத்தில் வாயை ஈரமாக வைத்திருப்பதில் தாடைச் சுரப்பிகளின் பங்குதான் பெரியது. அதை இழப்பது சிறிய விஷயம் அல்ல.

3 மி.மீ. கல்லைக் கம்பிக் கூடையில் பிடித்து இழுத்துவிடலாம். தாடைச் சுரப்பியின் குழாயில் சுமார் 4 மி.மீ. வரைதான் அப்படி எடுக்க முடியும். 7 மி.மீ. கல்லை லேசரால் உடைக்கலாம், அல்லது எண்டோஸ்கோப்பின் வெளிச்சத்தை அடையாளமாக வைத்து வாயின் அடித்தளத்தில் கீறி எடுக்கலாம். எங்கள் மருத்துவமனையில் அந்த லேசர் இல்லை. அதை மறைக்காமல் சொல்லி, லேசர் உள்ள சென்னை மருத்துவமனைக்குக் கடிதம் தரட்டுமா என்றும் கேட்டார்கள். கல் கைக்குத் தட்டுப்படும் இடத்தில் இருப்பதால் கீறி எடுப்பதே எளிது என்ற அவர்களது கருத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

சிகிச்சை முழு மயக்கத்தில் நடந்தது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பதிவு செய்த காட்சியைப் பிறகு எனக்குப் போட்டுக் காட்டினார்கள். மொட்டின் வாசலை ஒன்றைவிட ஒன்று தடித்த கம்பிகளால் படிப்படியாக விரித்து, 1.3 மி.மீ. விட்டமுள்ள எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டார்கள். ஊதுபத்தியின் அடிக்குச்சிப் பருமன்தான் அது. உப்பு நீரைப் பாய்ச்சிக்கொண்டே போகும்போது இளஞ்சிவப்பான ஒரு சுரங்கம் விரிந்தது. அதில் மஞ்சள் நிறத்தில் முதல் கல் உருண்டு கிடந்தது. கூடை மலர்ந்து, கல்லைச் சுற்றி மூடி, பின்வாங்கியது. இரண்டாவது கல்லின் முன் எண்டோஸ்கோப்பை நிறுத்தியபோது அதன் வெளிச்சம் வாயின் அடித்தளத் தோலில் செந்நிறமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் கீறி, நாக்கின் உணர்வு நரம்பை ஒதுக்கிவைத்துக் கல்லை எடுத்தார்கள். நரம்பு அந்தக் குழாயின் அடியில் குறுக்கே கடந்து போகிறது. அறுவையில் கவனமெல்லாம் அங்கேதான் என்று மருத்துவர் சொன்னார். கடைசியாக, குழாய் சுருங்கிவிடாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்றை இரண்டு வாரத்துக்கு வைத்துத் தைத்தார்கள். அம்மா கேட்டுக்கொண்டதால் இரண்டு கற்களையும் ஒரு சிறு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பெரியது துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் நீளமாக, சொரசொரப்பாக இருந்தது.

அன்று மாலை தாடை முன்பைவிடப் பெரிதாக வீங்கியதைப் பார்த்து நான் பதறிப் போனேன். பாய்ச்சிய உப்பு நீரால் வரும் வீக்கம் இது, ஓரிரு நாளில் வடிந்துவிடும் என்பதை முன்கூட்டியே குடும்பத்தாரிடம் சொல்லியிருக்கலாம். இரவு பணியில் இருந்த செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. நாக்கின் இடது ஓரம் ஐந்து வாரம் மரத்திருந்து, பிறகு சரியானது. அதைப் பற்றி ஒப்புதல் படிவம் வாங்கும்போதே எச்சரித்திருந்ததால் பயப்படாமல் இருந்தோம்.

குறைகள் இன்னும் இரண்டு உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அறிவுரைத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை நீவ வேண்டும், எந்தத் திசையில் நீவ வேண்டும், குழல் தானாக விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை எல்லாம் செய்ய வேண்டியவர் என் அம்மா. அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அந்தச் செவிலியரே தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி, தாடையின் படம் ஒன்றும் வரைந்து, அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். இன்றும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருப்பது அந்தப் பக்கம்தான். அவர் செய்ததை மருத்துவமனை அச்சடித்தே தர வேண்டும். இதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றொரு குறை கட்டணம். முன்கூட்டியே மதிப்பீடு எழுதித் தந்தார்கள், அது நல்லது. ஆனால் ஒரு முறை மட்டுமே பயன்படுத்தும் கம்பிக் கூடையின் விலை அதில் சேரவில்லை. பில் போடும் நேரத்தில்தான் தெரிந்தது. காப்பீடு வைத்திருப்பவர்கள் கூடை, குழல் ஆகிய இரண்டின் விலையையும் மதிப்பீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஆறாம் மாத ஸ்கேனில் குழாய் விரிவில்லாமல் இருந்தது; இடது மொட்டிலிருந்தும் தெளிந்த நீர் வந்தது. கல் மறுபடியும் வரலாம், அதனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

இதே தொந்தரவோடு ஒரு மருத்துவரிடம் போகிறவர்கள், எந்தச் சாப்பாட்டின்போது வீங்கியது என்று ஒரு வாரமாவது குறித்துக்கொண்டு போங்கள். முடிந்தால் வீங்கியிருக்கும் நேரத்தில் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள், ஏனென்றால் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் நேரத்தில் அது வடிந்துவிடும். வலியே இல்லாமல், சாப்பாட்டோடு தொடர்பில்லாமல், கட்டி நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தால் அது வேறு நோயாக இருக்கக்கூடும். அதற்குத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். பழைய படங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பல் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயை நாங்கள் கடைசி நாள்தான் மதுரை மருத்துவரிடம் காட்டினோம். அவர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, சிறிது நேரம் பார்த்து, தாடை எலும்பின் நிழலோடு ஒட்டியிருந்த சிறு வெள்ளைத் திட்டு ஒன்றைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். ஓராண்டுக்கு முன்பே கல் அந்தப் படத்தில் இருந்திருக்கிறது.